தினம் ஒரு நாழிகை

(கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம். படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டவும்.)



உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியர், வீட்டுக்கு வீடு கேட்கும் பதில் ஒன்று உண்டு. "ஏம்மா, போன புதன்கிழமை குழந்தைக்கு ஊசி போட வரலியே?" என்று கேட்டால், "எங்கீங்க நர்சம்மா, நேரமே இல்லே" என்பார்கள். "மாசம் ஆயிருக்கே, செக்கப்புக்கு வரக்கூடாதா?" என்றாலும் அதே பதில்தான். "அடுத்த குழந்தை எப்போன்னு ரெண்டு பேரும் பேசினீங்களா?" என்றால், "பேசறதுக்கு ஏதுங்க நேரம்? அவரு வர்றப்போ நான் தூங்கிடறேன், நான் எழுந்திரிக்கறப்போ அவரு தூங்கறாரு" என்று சிரிப்பார்கள்.

இது பொய்யில்லை. கிராமத்துக் குடும்பங்களில் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பணத்துக்குக் கணக்கு வைக்கிற நாம் நேரத்துக்குக் கணக்கு வைப்பதில்லை. கணக்கில்லாத பணம் எப்படிக் கரைகிறதோ அப்படித்தான் கணக்கில்லாத நேரமும் கரையும். கரைந்த பிறகு, எது அவசியமோ அதற்குத்தான் நேரம் இல்லாமல் போகும். பெரும்பாலும் அது தாயின் உடல்நலமும் குழந்தையின் ஊசியுமாகவே இருக்கும்.

நம் பாட்டன் பாட்டி காலத்தில் ஒரு நாளை அறுபது நாழிகையாகக் கணக்கிட்டார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். இரண்டரை நாழிகை சேர்ந்தால் ஒரு மணி நேரம். தினம் ஒரே ஒரு நாழிகை மிச்சப்படுத்தினால் மாதத்துக்கு 12 மணி நேரம். அதாவது ஒரு முழுப் பகல் பொழுது கையில் நிற்கும். அந்தப் பொழுதை எப்படிச் சேர்ப்பது, எதற்குச் செலவிடுவது என்பதே இந்தப் பாடம்.

ஒரு வீட்டைப் பார்ப்போம்

செவிலியர்கள் பல வீடுகளில் பார்ப்பதை ஒரே வீடாக்கி இங்கே சொல்கிறோம். அது உங்கள் வீடாகவும் இருக்கலாம்.

கணவனுக்கு இருபத்தெட்டு வயது. மனைவிக்கு இருபத்து மூன்று. ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு கறவை மாடு. தலைச்சன் பெண் குழந்தைக்குப் பத்து மாதம். ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடவில்லை. அந்த அம்மாவுக்கோ கொஞ்ச நாளாகத் தலைசுற்றல், மூச்சிரைப்பு. களை வெட்டப் போன இடத்தில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். செவிலியர் வந்து பரிசோதித்துப் பார்த்தால், மறுபடியும் நான்கு மாதம்! ரத்தத்தின் அளவு 8 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

"பால் கொடுத்துட்டுத்தானே இருக்கேன், தலைக்கே குளிக்கலே. அதனாலே ஒண்ணும் ஆகாதுன்னு இருந்துட்டேன் நர்சம்மா" என்றாள் அவள். அழுகை வந்தது. கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

செவிலியர் திட்டவில்லை. மாமியாரிடம் கேட்டு இரண்டு கை புளியங்கொட்டை வாங்கினார். கணவனுக்கு அறுபது, மனைவிக்கு அறுபது எண்ணிக் கொடுத்தார். "ஒரு கொட்டை ஒரு நாழிகை. நேத்து ஒரு நாள்லே எந்த வேலைக்கு எத்தனை நாழிகை போச்சோ, அத்தனை கொட்டையைத் தனித்தனிக் குவியலா வைங்க" என்றார்.

மனைவி வைத்த குவியல் இது: தூக்கம் 16, சமையல், பாத்திரம், துணி, வீடு கூட்டுவது 12, தண்ணீர், விறகு 6, மாட்டு வேலை 5, களை வேலை 15, குழந்தை 4, குளிப்பதும் சாப்பிடுவதும் 2. ஆக 60.

கணவன் வைத்த குவியல் இது: தூக்கம் 19, வயல் வேலை 22, குளிப்பதும் சாப்பிடுவதும் 4, பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோவது 4, டீக்கடையும் பேச்சும் 6, போன், டி.வி. 5. ஆக 60.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நானும் சும்மா இல்லீங்களே" என்றான் கணவன். "யாரு சொன்னா தம்பி? வெயில்லே இருபத்திரண்டு நாழிகை வேலை செய்யறீங்க, அது லேசா? ஆனா அவங்க குவியல்லே ஓய்வுன்னு ஒரு கொட்டை இருக்கா பாருங்க" என்றார் செவிலியர். ஒரு கொட்டையும் இல்லை.

கர்ப்பிணிக்கு இரவில் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதாவது 20 நாழிகை. பகலில் 2 மணி நேரம், 5 நாழிகை, படுத்து ஓய்வெடுக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு மொத்தம் ஒன்பது நாழிகை குறைகிறது. வயிற்றில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை, உடம்பில் ரத்தம் இல்லை, ஓய்வும் இல்லை. இந்தக் கணக்கு இப்படியே போனால் பிரசவ நேரத்தில் தாய்க்கும் ஆபத்து, பிறக்கும் குழந்தையும் எடை குறைந்து பிறக்கும். "நேரமில்லை" என்ற சொல்லின் உண்மையான விலை இதுதான்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல

இந்திய அரசு 2019-ஆம் ஆண்டு நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அப்போது சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். நம் கணக்கில் பன்னிரண்டரை நாழிகை. வீட்டு வேலையில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். சுமார் நான்கு நாழிகை. அதுவும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்த வேலையில் கை வைத்தார்கள். பெண்களில் நூற்றுக்கு 81 பேர்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. சத்தான உணவு இல்லாதது, குடற்புழு, அடுத்தடுத்துப் பேறு என்று இதற்குக் காரணங்கள் பல. ஆனால் மாத்திரை வாங்கவும், சரியாகச் சாப்பிடவும், படுத்து எழவும் நேரமில்லாத பெண்ணுக்கு இந்தக் குறை தீருவது கடினம்.

நாழிகை எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரே நாளில் ஒன்பது நாழிகை தேட வேண்டாம். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. சிறு துளி பெருவெள்ளம். தேட வேண்டிய இடங்கள் இவை.

அடுப்படியில்: பயறு, கொண்டைக்கடலை, மொச்சையை முன்னாள் இரவே ஊறவைத்தால் பாதி நேரத்தில் வெந்துவிடும். துவரம்பருப்பையும் அரை மணி ஊறவையுங்கள். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். விறகடுப்பு என்றால் விறகைக் காயவைத்து எரியுங்கள். ஈரவிறகு நேரத்தையும் தின்னும், கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். காஸ் அடுப்பு இருந்தும் அதை மூலையில் மூடிவைத்திருக்கும் வீடுகள் உண்டு. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டிலாவது அதைப் பயன்படுத்துங்கள். புகையும் மிச்சம், விறகு பொறுக்கும் நடையும் மிச்சம். இட்லி மாவை இரண்டு நாளைக்குச் சேர்த்து ஆட்டலாம். காலையில் வேண்டியதை இரவே எடுத்துவைத்தால் விடியலில் ஓட வேண்டியதில்லை.

தண்ணீரில்: பெண் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் வைத்து நான்கு நடை நடப்பதை, ஆண் சைக்கிளில் நான்கு குடம் கட்டி இரண்டு நடையில் முடித்துவிடுவார். பிடித்த தண்ணீரை மூடிவைத்து, வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும். காய்ச்சலில் ஒருவர் படுத்தால் எத்தனை நாழிகை போகும் என்று எண்ணிப் பாருங்கள்!

தேடுவதில்: அரிவாள் எங்கே, ரேஷன் கார்டு எங்கே, குழந்தை அட்டை எங்கே என்று தேடியே பல வீடுகளில் தினம் அரை நாழிகை போகிறது. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ் புத்தகம், தாய்-சேய் நல அட்டை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு ஓர் ஆணியில் மாட்டுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு இடுப்புவலி வந்தால் அந்தப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

கடைக்கு நடப்பதில்: காலையில் கடுகு, மதியம் புளி, சாயங்காலம் எண்ணெய் என்று மூன்று நடை வேண்டாம். வாரச் சந்தையிலோ கடையிலோ பட்டியல் போட்டு ஒரே முறையாக வாங்குங்கள். மில்லுக்குப் போகும் நாளிலேயே ரேஷனையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையிலும் போனிலும்: ஓய்வும் பேச்சும் மனிதனுக்கு வேண்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "ஒரு வீடியோ" என்று எடுத்த போன் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கீழே இறங்குகிறது. அதிலிருந்து ஒரு நாழிகையை வீட்டுக்குக் கொடுங்கள்.

பிள்ளைகளிடம்: பள்ளிக்கும் படிப்புக்கும் இடைஞ்சல் இல்லாமல், தன் தட்டைக் கழுவுவது, படுக்கையைச் சுருட்டுவது ஆகிய சின்ன வேலைகளைப் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலப் பழக்குங்கள்.

சேமிக்கக் கூடாத நேரம்

கஞ்சத்தனம் கூடாத இடங்களும் உண்டு. சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும், கழிப்பறை போய் வந்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவும் நேரத்தைக் குறைக்காதீர்கள். குடிதண்ணீரைக் காய்ச்சும் நேரத்தைக் குறைக்காதீர்கள். தாய்ப்பால் கொடுக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள். குழந்தையோடு பேசிச் சிரிக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள். அந்தச் சிரிப்பில்தான் குழந்தையின் அறிவு வளர்கிறது. இவற்றுக்காகத்தான் மற்ற இடங்களில் சேமிக்கிறோம்.

ஆசை வேறு, குறிக்கோள் வேறு

நேரத்தை மிச்சப்படுத்திவிட்டு எதற்கு என்று தெரியாவிட்டால் அது பொத்தல் பையில் போட்ட காசு. அதனால் குறிக்கோள் வேண்டும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள் பெரியோர். விதைக்கும் முன் எத்தனை யோசிக்கிறோம்! எந்தக் காட்டில் கடலை, எப்போது உழவு, எப்போது களை, விதைக்குப் பணம் எங்கே என்று கணக்குப் போடுகிறோம். போன பயிரை எடுத்ததும் நிலத்தைக் கொஞ்சம் ஆறவிட்டு, எருப் போட்டு, அப்புறம்தான் அடுத்த விதை. நிலத்துக்குக் காட்டும் இந்த அக்கறையை வீட்டுக்காரியின் உடம்புக்குக் காட்டுகிறோமா?

"பிள்ளையை நல்லா வளர்க்கணும்" என்பது ஆசை. எல்லோருக்கும் உண்டு. அதைக் குறிக்கோளாக்க நான்கு கேள்விகள் போதும்.

1. என்ன செய்யப் போகிறோம்?
2. எந்தத் தேதிக்குள்?
3. யார் பொறுப்பு?
4. அதற்கு நாளைக்கே செய்ய வேண்டிய முதல் வேலை என்ன?

இப்போது பாருங்கள். "வர்ற புதன்கிழமை பாப்பாவுக்கு ஊசி. அப்பா தூக்கிட்டு வர்றாரு. செவ்வாய்க்கிழமை ராத்திரியே அட்டையை எடுத்து வைக்கணும்." இது குறிக்கோள். இது நடக்கும்.

ஒரே சமயத்தில் பத்துக் குறிக்கோள் வேண்டாம். உடல்நலத்துக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மூன்று போதும். பணத்துக்கு ஓர் உதாரணம்: பீடிக்கும் கூடுதல் டீக்கும் போகும் 20 ரூபாயை தினம் உண்டியலில் போட்டால் வருடத்துக்கு 7,300 ரூபாய். நெஞ்சுக்கும் நல்லது. சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். தேதி தவறிவிட்டால் ஒருவரையொருவர் குறை சொல்லாமல் புதுத் தேதி குறியுங்கள். மழை பொய்த்தால் விவசாயத்தையே விட்டுவிடுகிறோமா என்ன?

குடும்பத்துக்கும் நான்கு பட்டம் உண்டு

பயிருக்குப் பட்டம் இருப்பதுபோலக் குடும்பத்துக்கும் உண்டு. நீங்கள் எந்தப் பட்டத்தில் இருக்கிறீர்களோ, உடல்நலக் குறிக்கோளை அதிலிருந்து எடுங்கள்.

முதல் பட்டம், புதுமணத் தம்பதி: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது சட்டம் சொல்லும் திருமண வயது. ஆனாலும் இருபது வயதுக்கு முன் தாயாவது உடம்புக்கு நல்லதல்ல. முதல் குழந்தை எப்போது என்று இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். அதுவரை நிரோத் அல்லது மாத்திரை பற்றிச் செவிலியரைக் கேளுங்கள். இது வெட்கப்படும் விஷயமில்லை.

இரண்டாம் பட்டம், கர்ப்ப காலம்: மாதம் தள்ளிப்போனதும், 12 வாரத்துக்குள் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். குறைந்தது நான்கு முறை பரிசோதனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிள்ளை பெற்ற பிறகு இன்னொரு 180 நாள் சாப்பிட வேண்டும். ரத்தம் குறைவாக இருந்தால் எத்தனை மாத்திரை என்பதை மருத்துவர் சொல்வார். சாப்பாட்டுக்குப் பின் தண்ணீரில் விழுங்குங்கள். டீ, காப்பி, பாலோடு வேண்டாம், சத்து உடம்பில் ஒட்டாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீரை, பயறு, முட்டை, கேழ்வரகு, கடலை தினம் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். கூடவே கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகப் பிடிக்கும். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ரத்தப்போக்கு, வலிப்பு, கடுமையான தலைவலியோடு கண் மங்கல், முகம் வீங்குதல், குழந்தை அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாழிகை பார்க்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

மூன்றாம் பட்டம், கைக்குழந்தைக் காலம்: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தடுப்பூசிக்குப் பிறந்தவுடன், ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் முடிந்ததும், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள், அதன்பின் 5 முதல் 6 வயதுக்குள் என்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஊசி தவறிவிட்டால் "போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நான்காம் பட்டம், இடைவெளிக் காலம்: ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் மூன்று வருடமாவது இடைவெளி இருந்தால்தான் தாயின் ரத்தமும் சத்தும் ஊறும். "பால் கொடுத்தா தங்காது" என்று நம்பி ஏமாறாதீர்கள். குழந்தை ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது பாதுகாப்பு. ஒன்று குறைந்தாலும் வேறு வழி வேண்டும்.

அரசு மருத்துவ நிலையங்களில் இதற்கான வழிகள் இலவசம். காப்பர்-டி ஒருமுறை பொருத்தினால், வகையைப் பொறுத்து 5 அல்லது 10 வருடம் வேலை செய்யும். வேண்டும்போது எடுத்துவிடலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே பொருத்திக்கொள்ளவும் முடியும். அந்தாரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பால் கொடுக்கும் தாயும் பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. மாலா-என் தினம் ஒன்று, ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்கு அது வேண்டாம். யார் உடம்புக்கு எது பொருந்தும் என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

குழந்தைகள் போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு, ஆண்களுக்கான தழும்பில்லாத அறுவை சிகிச்சை மிகச் சுலபம். கத்தி வைத்துக் கீறுவதில்லை. அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் பாரம் தூக்காமல், சைக்கிள் மிதிக்காமல் இருந்தால் போதும். உழைக்கும் பலமும் குறையாது, இல்லற சுகமும் குறையாது. ஆனால் மூன்று மாதம் வரை நிரோத் போன்ற வேறு வழியைக் கைக்கொண்டு, பிறகு பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எத்தனை குழந்தை, எப்போது என்பது உங்கள் இருவரின் முடிவு. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் முடிவு எடுக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். அதன் பாரம் பெண்ணின் உடம்பில்தான் இறங்குகிறது.

கேட்கிறார்கள், சொல்கிறோம்

கேள்வி: ஆம்பளை தண்ணிக்குடம் எடுத்தா ஊரு சிரிக்காதா?

பதில்: முதல் வாரம் சிரிக்கும். இரண்டாம் வாரம் மறந்துவிடும். மூன்றாம் வாரம் இன்னொரு வீட்டு ஆம்பளையும் குடத்தோடு வருவார். மனைவி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஊர் உதவிக்கு வரும், உண்மைதான். அந்த நிலையே வராமல் காப்பது கணவனின் கையில் இருக்கிறது.

கேள்வி: "நாங்க பத்துப் பெத்தோம், கல்லு மாதிரி இருந்தோம், இவளுக்கு மட்டும் என்ன ஓய்வு?" என்கிறார் என் மாமியார்.

பதில்: அவரை எதிர்த்துப் பேச வேண்டாம். "அந்தக் காலத்துலே எத்தனை பிள்ளை தங்கிச்சு, எத்தனை பொம்பளைங்க பிரசவத்துலே போனாங்க, சொல்லுங்க அத்தை" என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் கண்ணே கலங்கும். பட்ட கஷ்டத்தை அவர் மறக்கவில்லை, பேசாமல் இருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த முறை செவிலியர் வரும்போது அவரையும் கூட உட்காரவையுங்கள்.

கேள்வி: விதைப்பு, அறுப்புக் காலத்திலே இதெல்லாம் நடக்குமா?

பதில்: அந்த நாட்களில் புதுக் குறிக்கோள் வேண்டாம். ஆனால் ஊசித் தேதியும் பரிசோதனைத் தேதியும் அறுப்புக்காகக் காத்திருக்காது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் முன்கூட்டியே பக்கத்து வீட்டோடு கைமாற்று வேலை பேசிக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது?

அன்று செவிலியர் போன பிறகும் புளியங்கொட்டைக் குவியல் திண்ணையிலேயே கிடந்தது. ராத்திரி கணவன் தன் டீக்கடைக் குவியலிலிருந்து இரண்டும், போன் குவியலிலிருந்து ஒன்றுமாக மூன்று கொட்டையை எடுத்து மனைவி பக்கம் தள்ளிவைத்தான். "நாளையிலேருந்து தண்ணி நான் பிடிச்சுடறேன். சாணி அள்ளறதும் என் வேலை" என்றான். "ஏங்க, நெசமாத்தான் சொல்றீங்களா?" என்றாள் அவள். "மூணு நாழிகைதானே" என்றான்.

மாமியார் மாவை இரண்டு நாளைக்குச் சேர்த்து ஆட்ட ஆரம்பித்தார். பகலில் மருமகள் படுத்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். களை வேலைக்கு அவளை இனி அனுப்ப வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். அந்தக் கூலி போனது வீட்டுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கடையில் கடன் நின்றது. ஆனால் பாப்பாவுக்கு ஊசி அடுத்த புதன்கிழமையே போட்டாகிவிட்டது. மருத்துவர் சொன்னபடி அவள் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டாள். காலண்டரில் கணவன் தினமும் ஒரு புள்ளி வைத்தான்.

பிரசவ சமயத்தில் ரத்தம் பத்தரை கிராம் இருந்தது. 11-ஐத் தொடவில்லை என்றாலும் ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், ஆண் குழந்தை, எடை 2 கிலோ 700 கிராம். காப்பர்-டி பற்றி இருவரும் முன்பே பேசி முடிவு செய்திருந்தார்கள். வீடு திரும்புமுன் பொருத்திக்கொண்டாள்.

இன்றிரவே தொடங்குங்கள்

சாப்பிட்டு முடித்ததும் டி.வி.யை நிறுத்துங்கள். ஆளுக்கு அறுபது புளியங்கொட்டை எண்ணி எடுங்கள். நேற்றைய நாளைக் குவியலாக வையுங்கள். கோபமில்லாமல், குறை சொல்லாமல், ஒருவர் குவியலை மற்றவர் பாருங்கள். யாரிடமிருந்து யாருக்கு ஒரு நாழிகை போகலாம் என்று பேசுங்கள். உடல்நலத்துக்கு ஒரு குறிக்கோள் முடிவு செய்து, காலண்டரில் அந்தத் தேதிக்கு வட்டம் போடுங்கள். அடுத்த வாரம் அதே கிழமை மறுபடி உட்காருங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேளுங்கள். படித்து முடித்த இந்தப் பிரசுரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

நினைவில் வையுங்கள்:

ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. அது ஆணுக்கும் ஒன்றுதான், பெண்ணுக்கும் ஒன்றுதான்.
தினம் ஒரு நாழிகை சேமித்தால் மாதம் ஒரு பகல் மிச்சம்.
தேதி இல்லாத குறிக்கோள் வெறும் ஆசை.
பயிருக்குப் பட்டம் பார்க்கும் குடும்பம், பிள்ளைப் பேற்றுக்கும் இடைவெளி பார்க்கட்டும்.